40 பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லாமல் கதை சொல்வது: தயாரிப்பு, குரல், மைக்

கிளைநூலகம் கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் காலையில் கதை நேரம் தொடங்குகிறோம். 6 முதல் 11 வயது வரை 40 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரம். பார்த்து வாசிப்பது இல்லை, வாயால் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

முதல் கதை கொழுக்கட்டைக் கதை. மாமியார் வீட்டில் தின்ற கொழுக்கட்டையின் பெயரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறவன், வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதித்து, அதையே பலகாரத்தின் பெயராக்கிக்கொண்டு, வீட்டில் அது தெரியாத மனைவியை அடிக்க, "கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்று அவள் சொன்னதும் பெயர் திரும்பக் கிடைக்கும் கதை.

என் சந்தேகங்கள்: வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வேண்டுமா? நடுவில் மறந்தால் என்ன செய்வது? 5 நிமிடத்தில் முடிகிற கதை இது, எங்கே நீட்டலாம்? பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சொல்ல ஆசை, ஆனால் 40 பேரும் கத்த ஆரம்பித்தால் எப்படி அடக்குவது? கூடம் 30க்கு 20 அடி, கான்கிரீட் கூரை, குரல் எதிரொலிக்கிறது. மைக் வேண்டுமா? கடைசியாக, அவன் மனைவியை அடிக்கிற இடத்தை 6 வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

---

தாழ்வாரம் பதில்:

மனப்பாடம் வேண்டவே வேண்டாம். மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் நழுவினால் அதற்கடுத்த சொல்லும் வராது. கண் மேலே போய்விடும், முகம் வெறுமையாகும், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கதையை இடங்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு எட்டு இடங்கள் போதும்: மாமியார் வீட்டு இலையில் கொழுக்கட்டை, பெயர் கேட்பது, பெயரைச் சொல்லிக்கொண்டே நடப்பது, வாய்க்கால், மாறிப்போன பெயரோடு நடப்பது, வீட்டில் மனைவியோடு வாக்குவாதம், வீக்கம், பெயர் திரும்புவது. இதற்கு மேல் தாளில் எதுவும் எழுத வேண்டாம்.

சொல்லுக்குச் சொல் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டியவை நான்கு மட்டும்: முதல் இரண்டு வாக்கியம், நடைப் பாட்டு ("கொழுக்கட்டை, கொழுக்கட்டை"), தாவும் சொல் ("அத்திரிபாச்சா"), கடைசி வரி. மற்றதெல்லாம் ஒவ்வொரு முறையும் வேறு சொல்லில் வரட்டும்.

ஒத்திகையை நின்றுகொண்டு, வாய்விட்டுச் செய்யுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற கதை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்ப முடியாது. போனில் பதிவு செய்து கேட்டால் இரண்டு விஷயம் காதில் விழும். ஒன்று, "அப்புறம்... அப்புறம்... வந்து...". இதற்கு மருந்து நம் பாட்டிமார் பேச்சிலேயே இருக்கிறது. முடித்த வினையைப் பிடித்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவது: "விடுவிடுன்னு நடந்தான். நடந்து நடந்து வந்தா, குறுக்கே ஒரு வாய்க்கால்." "எட்டிப் பார்த்தான். பார்த்தா, முழங்கால் தண்ணி." அடுத்து என்ன என்று யோசிக்க உங்களுக்கு ஒரு நொடி கிடைக்கும். கேட்பவருக்கும் நூல் அறாது.

இரண்டாவது, யார் பேசுகிறார் என்ற குழப்பம். தமிழில் "...ன்னு சொன்னா" என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. புத்தகத்தில் மேற்கோள் குறி இருப்பதால் இந்தக் குழப்பம் தெரிவதில்லை. காதால் மட்டும் கேட்கிற 6 வயதுப் பிள்ளைக்கு, பேச்சு முடிகிற வரை அது மாமியாரா மாப்பிள்ளையா என்று தெரியாது. பெயரை முன்னால் போடுங்கள்: "மாமியார் சொல்றா, 'இன்னும் ரெண்டு வச்சுக்கோங்க மாப்ளே!'" கூடவே மாமியார் பேசும்போது தலை இடப்பக்கம், மாப்பிள்ளை பேசும்போது வலப்பக்கம் என்று ஒரே ஒழுங்கு வைத்தால் குரலை மாற்றவே தேவையில்லை.

முதல் வாக்கியத்துக்கு அப்புறம் நிகழ்காலத்துக்கு வந்துவிடுங்கள். "ஒரே ஒரு ஊர்ல ஒருத்தன் இருந்தான்" என்று தொடங்கி, அவன் கிளம்பியதும் "போறான், பார்க்கிறான், கேட்கிறான்". பாடநூல் தமிழ் வேண்டாம், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள்.

நீட்டுகிற இடம் நடைதான். பலர் மாமியார் வீட்டிலேயே விருந்து, பந்தல், ஊர் அழகு என்று வர்ணித்து நேரத்தைத் தின்றுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. கொழுக்கட்டையை மட்டும் கிட்டத்தில் காட்டுங்கள்: இலையில் ஆவி பறக்கிறது, விரல் சுடுகிறது, ஊதி ஊதிக் கடிக்கிறான், உள்ளே தேங்காயும் வெல்லமும் ஒழுகி முழங்கை வரை வருகிறது. அது போதும். பிறகு வழியில் மூன்று பேரைக் கொண்டுவாருங்கள். ஆடு மேய்க்கிற தாத்தா "எங்கப்பா போறே?" என்கிறார். இவன் பதிலே சொல்ல முடியாது, சொன்னால் பெயர் மறந்துவிடும். "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்றே தலையாட்டிவிட்டுப் போகிறான். குடம் சுமக்கிற அம்மா, வண்டிக்காரர், இருவருக்கும் அதே பதில். வாய்க்காலுக்குப் பின் ஒரே ஒரு ஆள் போதும், அதையும் வேகமாக முடிக்கவும். பெயர் மாறியது தெரிந்த பிறகு பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது, அவன் வீடு போய்ச் சேர வேண்டும். மொத்தம் 14, 15 நிமிடம் வரும். அதில் பாதிக்கு மேல் வாய்க்காலுக்கு முந்தைய நடையிலேயே போகட்டும்.

மறந்துவிட்டால் "ஐயோ, மறந்துபோச்சு" என்று சொல்லாதீர்கள். ஒரு இடத்தைத் தாண்டிவிட்டது பிறகு தெரிந்தால், "அவன் கிளம்புறதுக்கு முன்னாடி மாமியார் ஒண்ணு சொல்லியிருந்தா" என்று உள்ளே செருகிவிடலாம். அடுத்தது சுத்தமாக வரவில்லையென்றால் நடைப் பாட்டுக்குப் போங்கள். பிள்ளைகள் நாலு முறை சொல்வதற்குள் நினைவு வந்துவிடும்.

---

உடுக்கை பதில்:

தாழ்வாரம் சொன்னது எல்லாம் சரி. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல ஏற்பாடு இருக்கிறது.

கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு மணிக்கணக்கில் ஓடும். நடுவில் வில்லைத் தட்டுகிற வீசுகோல் பிடிக்கிற புலவர் ஒரு அடி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் கடைசிச் சொல்லை வாங்கித் திருப்புவார்கள், "ஆமா" போடுவார்கள். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் ஐயாவின் நிகழ்ச்சிப் பதிவுகளைக் கேளுங்கள். அந்த "ஆமா" சும்மா வருவதில்லை. புலவருக்கு மூச்சு வாங்க இடம் தருகிறது, சபைக்குப் புரியாததைச் சபைக்காகக் கேட்கிறது, கதை தொய்ந்தால் தூக்கிவிடுகிறது.

அதையே செய்யலாம். 10, 11 வயதில் குரல் நன்றாக உள்ள ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கதைக்கு முன் பத்து நிமிடம் பழக்கினால் போதும். அந்தப் பிள்ளைக்கு மூன்றே வேலை: நீங்கள் நிறுத்தும் இடத்தில் "ஆமா", நீங்கள் திரும்பிப் பார்த்தால் "அப்படியா? ஏன்?", நடைப் பாட்டில் முதல் குரல். மற்ற பிள்ளைகளுக்கு "உம்" கொட்டுகிற வேலை. "நீங்க உம் கொட்டினாத்தான் கதை நடக்கும், கொட்டலைன்னா கதை நின்னுடும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒரு முறை உண்மையாகவே நின்று காட்டுங்கள்.

நடைப் பாட்டுக்குக் கால்தான் தாளம். "கொழுக்" இடது, "கட்டை" வலது. பிள்ளைகள் உட்கார்ந்தபடி இடது தொடை, வலது தொடை தட்டட்டும். கைதட்டல் வேண்டாம். கான்கிரீட் கூடத்தில் 40 ஜோடிக் கை உங்கள் குரலை விழுங்கிவிடும். தொடங்குவதற்கு ஒரு சைகை, நிறுத்துவதற்கு ஒரு சைகை: உள்ளங்கை மேலே எழுந்தால் தொடங்கு, விரல் மூடி முஷ்டியானால் நிறுத்து. நிறுத்துவதைத்தான் முதலில் பழக்க வேண்டும். கதைக்கு முன் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள், சத்தம் சட்டென்று அறுபடும் வரை. தொடங்க மட்டும் பழக்கிவிட்டு மேடையேறினால் பிறகு "உஷ், உஷ்" என்று கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாய்க்கால் இடத்தைச் சொல்லித் தருகிறேன், கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, முஷ்டியை மூடுங்கள். "வந்தா, வாய்க்கால்." இரண்டு அடி பின்னால் வாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி கை போகட்டும். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம் பேச்சே வேண்டாம். பிறகு ஒரே தாவல்: "அத்திரிபாச்சா!" இறங்கியதும் நிற்காமல், முன்பு இருந்த அதே முகம், அதே தாளம்: "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா..."

இங்கே எல்லோரும் கெடுப்பது ஒன்றே ஒன்று: "பாருங்க பசங்களா, அவன் பேரை மறந்துட்டான்!" என்று விளக்கிவிடுவது. சொல்லாதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் நடந்துகொண்டே இருங்கள். நாலாவது எட்டுக்குள் ஏதாவது ஒரு பிள்ளை "கொழுக்கட்டை!" என்று கத்தும், பிறகு கூடமே கத்தும். அதுவும் உங்கள் காதில் விழக் கூடாது. அவன் செவிடன் போல நடக்க நடக்கத்தான் அவர்களுக்கு வெறி ஏறும். சத்தம் உச்சிக்கு வந்ததும் முஷ்டி. அமைதி. "வீடு வந்தாச்சு."

அடிக்கிற இடம்: கதை வழிவழியாக அப்படித்தான் வந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு "அவள் வழுக்கி விழுந்தாள்" என்று மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. அப்போது முடிவு சப்பென்று ஆகிவிடும். வீக்கம் அவனுடைய முட்டாள்தனத்தால் வர வேண்டும், தற்செயலாக வரக் கூடாது. அதனால் நான் மாற்ற மாட்டேன்.

---

பாலர்வகுப்பு பதில்:

உடுக்கை அண்ணன் சொன்ன காரணம் சரி, முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. 40 பிள்ளைகளில் வீட்டில் அம்மா அடிபடுவதைப் பார்த்த பிள்ளை இருக்கும். பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொள்ளும். அதைத் தெரிந்துகொண்டே சொல்ல முடியாது.

வீக்கம் அவன் முட்டாள்தனத்தால்தான் வர வேண்டும் என்றால், அது அவன் நெற்றியிலேயே வரட்டும். மனைவி சொல்கிறாள்: "அத்திரிபாச்சான்னு ஒரு பலகாரம் நான் கேட்டதே இல்லைங்க." இவனுக்குக் கோபம். "உனக்குத் தெரியாட்டா நானே அடுப்படியில தேடிக்கிறேன்" என்று விறுவிறுவென்று போகிறான். தாழ்வான நிலைவாசல். "ணங்!" அவள் ஓடி வந்து பார்த்துவிட்டு: "ஐயையோ, நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே!" அவன்: "ஆங், அதேதான்! அதைத்தான் கேட்டேன்!" முடிச்சு கெடவில்லை, காரணமும் அவனேதான்.

ஆனால் நிலைவாசல் அங்கே திடீரென்று முளைக்கக் கூடாது. முன்னாலேயே இரண்டு இடத்தில் நட்டுவைக்க வேண்டும். கதை தொடங்கும்போது அவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான்: "பார்த்து, நிலை தட்டும், குனிஞ்சு போங்க" என்கிறாள். திரும்பி வந்ததும் மறுபடி "குனிஞ்சு வாங்க". இரண்டு முறையும் நீங்கள் உடம்பாலேயே குனிந்து காட்டுங்கள், கூடுதலாக ஒரு சொல்லும் வேண்டாம். மூன்றாம் முறை அவன் குனியாமல் நிமிர்ந்து நடக்கும்போது பெரிய பிள்ளைகளுக்கு முன்னாலேயே புரிந்துவிடும், வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

உட்கார வைப்பது பற்றி: 30 அடிச் சுவரின் நடுவில் நீங்கள் இருங்கள், பிள்ளைகள் அரை வட்டத்தில். அப்போது கடைசி வரிசையும் 15 அடிக்குள் வந்துவிடும். 20 அடிச் சுவர்ப் பக்கம் நின்றால் கடைசிப் பிள்ளை 25 அடி தள்ளி இருக்கும், முகமே தெரியாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும், அதை மூடுங்கள். வாசல் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும், தாமதமாக வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதல் வரிசைக்கும் உங்களுக்கும் 5 அடி. வாய்க்கால் தாண்ட இடம் வேண்டுமே. 6, 7 வயது முன்னால், 10, 11 இரண்டு ஓரங்களிலும் பின்னாலும். பெரிய பையன்களை எல்லாம் ஒரே மூலையில் சேர்த்து உட்கார வைத்தால் அங்கே தனிக் கதை ஓடும்.

கேள்வி கேட்பதில் கவனம். "அடுத்து என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டால் 40 கை எழும், 5 பேர் பதில் சொல்வார்கள், 35 பேருக்கு ஏமாற்றம், கதை அங்கேயே செத்துவிடும். கதை நடக்கும்போது எல்லோரும் ஒரே சொல்லால் பதில் சொல்லக்கூடிய கேள்வி மட்டும்: "அவன் என்னன்னு சொல்லிக்கிட்டே நடக்கிறான்?" விரிவான கேள்விகளைக் கதை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பிள்ளை "எங்க பாட்டி வீட்லயும் கொழுக்கட்டை..." என்று ஆரம்பித்தால், "ஆமா, அதே கொழுக்கட்டையைத்தான் அவனும் தின்னான்" என்று அந்தச் சொல்லையே வாங்கிக் கதைக்குள் போய்விடுங்கள். "கதை முடிஞ்சு சொல்லு" என்று தட்டிவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது.

"இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால், இவ்வளவு நேரம் கேட்டது பாடமா என்று முகம் மாறிவிடும். "கதை முடிஞ்சது, கத்தரிக்காய் காய்ச்சது" என்று சொல்லி நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பேச வேண்டியதை அவர்களே பேசுவார்கள்.

---

ஒலிப்பெட்டி பதில்:

அந்த அளவு கூடத்தில் மின்விசிறி மெதுவாக ஓடினால் மைக் இல்லாமல் சொல்லலாம். ஆனால் வாராவாரம் சொல்லப்போகிறீர்கள், 40 பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும். தொண்டையைக் காப்பாற்ற மைக் வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் எதிரொலிக்கு முதல் மருந்து தரையில் ஜமுக்காளம், சன்னல்களுக்குக் கனமான திரை. காலிக் கூடத்தில் கேட்கிற எதிரொலியில் பாதி, பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் குறைந்துவிடும், பயப்பட வேண்டாம்.

கையில் பிடிக்கிற மைக் கதைக்கு ஆகாது, ஒரு கை போய்விடும். ஸ்டாண்டில் வைத்தால் வாய்க்கால் தாண்ட முடியாது. தலையில் மாட்டுகிற மைக்தான் சரி. முனை வாய்க்கு நேர் எதிரே இல்லாமல், வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும். நேராக இருந்தால் ஒவ்வொரு "ப"வுக்கும் காற்று மோதி "டப்" என்று கேட்கும். "அத்திரிபாச்சா" சொல்கிற கதையில் இது முக்கியம். காலர் மைக்தான் கிடைக்கிறது என்றால் முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். துப்பட்டா, சங்கிலி, புடவைத் தலைப்பு உரசக் கூடாது. தலையை இடம் வலம் திருப்பும்போது காலர் மைக்கில் குரல் ஏறி இறங்கும், அதனால் தலையோடு தோளையும் சேர்த்துத் திருப்புங்கள்.

வாடகைக்கு வருகிற மைக்செட்டில் எக்கோ குமிழைப் பாதிக்கு மேல் திருப்பியே வைத்திருப்பார்கள், பாட்டுக்கு அது நன்றாக இருக்கும். கதைக்கு அதைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்கெனவே எதிரொலிக்கிற கூடத்தில் எக்கோவும் சேர்ந்தால் மூன்றாவது வரிசைக்கு மேல் ஒரு சொல்லும் புரியாது. பேஸையும் (கனத்த அடிஒலி) குறைக்கவும், மெய்யெழுத்துகள் தெளிவாக விழும். ஸ்பீக்கர் பெட்டி உங்களுக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்து, தரையிலிருந்து 5 அடி உயரத்தில், அவர்கள் தலைக்கு மேலே இருக்கட்டும். உங்களுக்குப் பின்னால் வைத்தால் "கீ" என்று கூவும். கூவினால் மைக் தலையைக் கையால் பொத்தாதீர்கள், இன்னும் கூவும். வால்யூமைக் குறைப்பது அல்லது பெட்டியை விட்டுத் தள்ளி வருவது, இரண்டே வழி.

சோதிக்கும்போது "ஹலோ, ஒன்று, இரண்டு" போதாது. கதையில் உரக்கச் சொல்கிற இடம், மெல்லச் சொல்கிற இடம் இரண்டையும் அதே அளவில் சொல்லிப் பாருங்கள்.

குரலுக்கு: குசுகுசு என்று காற்றால் பேசுவது தொண்டைக்குக் கெடுதல். ரகசியம் மாதிரிச் சொல்ல வேண்டுமென்றால் குரலோடு, மெதுவாக, தாழ்த்திச் சொல்லுங்கள். தாத்தா குரலுக்காகத் தொண்டையை நெரிக்க வேண்டாம். மெதுவாகப் பேசினாலே தாத்தா. கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர், ஐஸ் தண்ணீர் வேண்டாம். பிள்ளைகள் பாடுகிற நேரமெல்லாம் உங்களுக்கு ஓய்வு. கதாகாலட்சேபத்தில் பேச்சுக்கு நடுவே பாட்டு வருவதில் பாகவதருக்குக் கிடைக்கிற லாபமும் இதுதான். பாட்டை நீங்கள் தொடங்கி வைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தால் போதும்.

---

கிளைநூலகம்:

எல்லோருக்கும் நன்றி. நிலைவாசல் முடிவையே எடுத்துக்கொள்கிறேன். கதை 15 நிமிடம், மீதி 15 நிமிடத்துக்கு இன்னொரு கதை சொல்லலாமா? கரண்ட் போனால்?

---

பாலர்வகுப்பு:

இன்னொரு கதை வேண்டாம், முதல் கதையை அழித்துவிடும். இரண்டு மூன்று விடுகதை போட்டுவிட்டு, பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒரு பெரிய பிள்ளை, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று, அதே கதையை ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்லுங்கள். தரையில் சாக்பீஸால் வழி வரைந்து கொடுங்கள்: மாமியார் வீடு, தாத்தா, குடம், வண்டி, வாய்க்கால், நிலைவாசல். சின்னப் பிள்ளைகள் அந்தக் கோட்டின் மேல் நடந்துகொண்டே சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். பல பிள்ளைகள் ஒரே இடத்தில் தடுமாறினால், அந்த இடத்தை நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் வேறு கதைக்கு முன்னால் அந்த இடத்தை மட்டும் ஒரு முறை சொல்லிக் காட்டலாம்.

---

ஒலிப்பெட்டி:

கரண்ட் போனால் மின்விசிறியும் நின்றுவிடும், கூடம் அமைதியாகிவிடும். கத்தாதீர்கள். பின்வரிசையை 4 அடி முன்னால் நகரச் சொல்லி, குரலை ஏற்றாமல் வேகத்தை மட்டும் குறைத்துத் தொடருங்கள். நகர்கிற நேரத்துக்கு நடைப் பாட்டைப் போடுங்கள், அந்தத் தாளத்திலேயே நகர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.